விட்டுப்போன ஒரு எண்

(நம் சங்கத்தின் மும்பைக் கிளை சார்பில் மாட்டுங்காவில் நடந்த ராமானுஜன் பிறந்தநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிசம்பர் 22 கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜனின் பிறந்தநாள். 2012 முதல் அதைத் தேசிய கணித தினமாகவும் கொண்டாடுகிறோம். இன்று பேசும்படி கேட்டபோது நம் காரியதரிசி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சார், அந்த டாக்ஸி நம்பர் 1729 மட்டும் வேண்டாம். மூணு வருஷமா அதையேதான் கேட்டிண்டிருக்கோம்" என்றார். எனக்கும் அது சௌகரியம்தான். வேறொரு எண்ணைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும்படி பெரிதாக போர்டில் எழுதியிருக்கிறேன்.

2,93,31,86,25,600

இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தோரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. ஏதோ மத்திய பட்ஜெட்டில் ஒரு இலாகாவின் ஒதுக்கீடு மாதிரி இருக்கிறது. பயப்பட வேண்டாம். நான் பி.எஸ்சி.யோடு நின்றவன். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் இன்று தேவைப்படாது.

முதலில் கீழே பூக்கடைப் பக்கம் போய்விட்டு வருவோம். இந்த ஊரில் வாழைப்பழம் டஜன் கணக்கில் விற்கிறான். ஏன் பத்துப் பத்தாக விற்பதில்லை? பத்துப் பழத்தை இரண்டு பேருக்கோ ஐந்து பேருக்கோதான் மிச்சமில்லாமல் பங்கிட முடியும். பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேருக்குப் பங்கிடலாம். கணக்கு பாஷையில், பத்துக்கு நான்கு காரணிகள்: 1, 2, 5, 10. பன்னிரண்டுக்கு ஆறு காரணிகள். பன்னிரண்டுக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது.

அறுபதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பல பேர் சஷ்டியப்தபூர்த்தி கண்டவர்கள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி, வருஷச் சக்கரம் 60. அறுபதுக்குப் பன்னிரண்டு காரணிகள். அடுத்த பெரிய எண்ணான நூறுக்கு வெறும் ஒன்பதுதான். நான் பிறந்தது 1950. அணா, பைசா வாய்ப்பாடு ஒப்பித்த கடைசி பேட்சில் ஒருவன். அப்போது ரூபாய்க்கு 192 பைசா. 192க்குப் பதினான்கு காரணிகள். ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தணா நாலு பைசா, சுத்தமாகப் போகும். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்த பிறகு 33 பைசா கொடுத்துவிட்டு மிச்ச ஒரு பைசாவுக்கு மூன்று பேரும் சண்டை போட்டோம்.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்ணுக்கு ராமானுஜன் ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'மிகு பகு எண்' என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகும். 72 இதில் சேராது. அதற்கும் பன்னிரண்டு காரணிகள்தான்; 60 முன்பே அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, மாசம் 30 ரூபாய் சம்பளம் என்பது உங்களுக்குத் தெரியும். 1914 மார்ச்சில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. 1915இல் லண்டன் மாத்தமேட்டிகல் சொசைட்டியின் சஞ்சிகையில் இந்த எண்களைப் பற்றி அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத அவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிப் பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரையை வைத்துத்தான். அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. 2இல் தொடங்கி 67,46,32,83,88,800 வரை, அதாவது ஆறே முக்கால் லட்சம் கோடி வரை, 102 மிகு பகு எண்களைக் கையால் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை காரணி, எந்தெந்தப் பகா எண்களின் பெருக்கல் என்று எழுதி வைத்திருக்கிறார். கால்குலேட்டர் கிடையாது. கும்பகோணத்தில் பலகையில் எழுதி முழங்கையால் அழித்த அதே மனுஷர்.

நான் படித்ததும் கும்பகோணம் அரசுக் கல்லூரியில்தான். அதனால் அவர் பேரில் கொஞ்சம் ஊர்ப் பாசமும் உண்டு. 1973இல் மத்திய அரசு வேலை கிடைத்து பம்பாய் வந்தேன். அவருடைய கையெழுத்து நோட்டுப் புத்தகங்களை டாடா ஆராய்ச்சி நிலையம் 1957இல் இரண்டு பெரிய வால்யூம்களாக, எழுதியது எழுதியபடியே, இந்த ஊரிலிருந்துதான் வெளியிட்டது. அதை ஒரு நூலகத்தில் பார்த்த பரவசத்தில், பக்கத்திலேயே இருந்த அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைத் தொகுப்பையும் எடுத்து, இந்த அட்டவணையை நாலு சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு நீளக் கணக்கு நோட்டில் நகல் எடுத்தேன். ஜெராக்ஸுக்குக் காசு கொடுக்க மனசில்லாத பிரம்மச்சாரிக் காலம்.

அந்த நோட்டுதான் இப்போது கதைக்கு வருகிறது.

2010இல் ரிடையர் ஆனேன். செம்பூரில் வாசம். சில வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு மாடி அறையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள். காரணிகள் பாடம் வந்தபோது பழைய நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காரணிகளை எண்ணுவதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க வேண்டும். 60 என்பது 2 இரண்டு முறை, 3 ஒரு முறை, 5 ஒரு முறை. ஒவ்வொரு முறைக்கும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 2 = 12. அவ்வளவுதான். இது தெரிந்தால் லட்சம் கோடிக்கும் காரணியை அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள். அட்டவணையில் 6, 12, 24, 48 என்றும், 60, 120, 240 என்றும் இரட்டிப்பாக வருவதை அவளாகவே கவனித்திருக்கிறாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டால் பெருக்கி, வந்த விடை அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று காரணியை எண்ணிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். நான் சொல்லாத வேலை. மூன்று வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து, "சார், இங்க ஒரு நம்பர் வரணும். வரல" என்றாள்.

போர்டில் எழுதியிருக்கும் இந்த எண்ணைக் காட்டினாள்.

நான் நோட்டைப் பார்க்கவே இல்லை. "ராமானுஜன் போட்ட அட்டவணைம்மா அது. நீ தப்பா எண்ணியிருப்பே" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் எனக்கு அந்த வார்த்தை உறைத்தது. 'நீ தப்பா எண்ணியிருப்பே.' அதே மூன்று வார்த்தையை, எழுத்துப் பிசகாமல், 1977இல் நான் கேட்டிருக்கிறேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ரூல் புஸ்தகத்தைத் தலைகீழாக ஒப்பிப்பவர். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் பிழை இருக்காது என்பது அங்கே வேதவாக்கு. பென்ஷன் பாக்கி ஸ்டேட்மெண்ட் ஒன்று டைப்பாகி வந்தது. ஃபைலில் 31 பேர். ஸ்டேட்மெண்டில் 30 பேர். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. விட்டுப்போன பெயரைக் கூட்டல் காட்டிக்கொடுக்காது. போய்ச் சொன்னேன். அவர் ஃபைலைத் திறக்காமல் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னார். நான் வேலையில் சேர்ந்து நாலு வருஷம் ஆனவன். சரி சார் என்று திரும்பிவிட்டேன். விட்டுப்போனது ஒரு பியூனின் விதவை. அந்த அம்மாளுக்குப் பணம் பதினோரு மாதம் தாமதமாகப் போயிற்று. மாசாமாசம் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் வேறு வழியாகப் போவேன்.

இதை இத்தனை வருஷத்தில் ஆத்துக்காரியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று இரவே கணக்கை எடுத்தேன். அந்தப் பெண் இரட்டித்தது அட்டவணையில் இருக்கும் 14,665 கோடியே 93 லட்சத்து 12 ஆயிரத்து 800ஐ. இரட்டித்தால் வருவது நம் எண். அதைப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5040.

அட்டவணையில் அதற்கு முந்தைய வரி, 24,094 கோடி சொச்சம், காரணிகள் 4800. பிந்தைய வரி, 32,125 கோடி சொச்சம், காரணிகள் 5376. நடுவில் 29,331 கோடி, 5040 காரணிகள். அந்தப் பெண் சொன்னதுதான் சரி. வரணும், வரல.

அப்படியும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? ராமானுஜன் விட்டிருக்க மாட்டார், நகல் எடுத்தபோது நான்தான் ஒரு வரி தவறவிட்டிருப்பேன் என்றது. மறுநாளே நூலகத்துக்குப் போய் அச்சுப் புத்தகத்தைப் பார்த்தேன். என் நகல் சரியாக இருந்தது. அச்சிலும் அந்த வரி இல்லை. பிற்பாடு விசாரித்ததில் தெரிந்தது, கணித உலகத்துக்கு இது பழைய செய்தியாம். ராமானுஜன் அட்டவணையில் 102 எண்கள், விட்டுப்போனது இந்த ஒன்று மட்டும் என்று கணித அகராதிகளில் பதிவாகியிருக்கிறது. ஐம்பது வருஷம் நோட்டை வைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைக் கையால் நிரூபித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்று தோன்றிற்று. இந்த எண்ணுக்குக் கீழே வேறு எதற்காவது 5040 காரணி இருந்தால் அது தோற்றுப்போகும் அல்லவா? மூன்று ராத்திரி ஆயிற்று. இரண்டு மணிக்கு எழுந்து வந்த என் மனைவி, நோட்டில் கோடி கோடியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னன்னா, நிர்மலா சீதாராமனுக்கு பட்ஜெட் போட்டுக் கொடுக்கறேளா?" என்றாள்.

அந்த மூன்று ராத்திரியில் ஒன்று புரிந்தது. இந்த அளவுக்கு வரும்போது எண்கள் 23 என்ற பகா எண்ணையும் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்துவிடுகின்றன. நம் எண்ணுக்கு முந்தைய இரண்டு வரிகளிலும் 23 உண்டு. பிந்தைய வரியிலும் உண்டு. நம் எண் மட்டும் 23ஐ விட்டுவிட்டு 19இலேயே நின்று, அதற்குப் பதிலாக ஏழை இரண்டாம் முறை சேர்த்துக்கொள்கிறது. 23ஐ வைத்துக்கொண்டு இந்த எல்லைக்குள் எப்படி மாற்றிப் போட்டாலும் 4800ஐத் தாண்ட முடியவில்லை. 29ஐயும் சேர்த்தால் 4096தான். ரயில் போகிற திசையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தர் மட்டும் பின்பக்கமாக இறங்கிப்போன மாதிரி. இதனால்தான் தவறியிருக்கும் என்பது என் ஊகம். ஆடிட்டில் இருந்தவன் புத்தி. எங்கே பிழை என்று கண்டுபிடித்ததும் எப்படி வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

செம்பூரில் மாலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்ன கணக்கு. அதில் போய் தப்பு கண்டுபிடிப்பாளா? நம்மவரை நாமே இறக்கிப் பேசலாமா?" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "தாயார் சரியாத்தான் சொல்லியிருப்பா. எழுதினவர் ஒரு வரி விட்டுட்டார்" என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். நண்பருக்கு நான் சொன்ன பதில் வேறு. 103 வரிகளில் ஒரே ஒரு வரி. கேம்பிரிட்ஜ் குளிரில், போர்க்காலத்தில், சரியான சாப்பாடு இல்லாமல், கையால். அந்த ஒன்றை மறைத்துவிட்டால் மற்ற 102ஐ ஒரு மனுஷன் உட்கார்ந்து போட்டார் என்பதும் மறைந்துபோகிறது. அவர் இன்னும் சமாதானமாகவில்லை. இன்று வந்திருக்கிறார், நாலாவது வரிசையில். அதுவே எனக்கு சந்தோஷம்.

அந்தக் கட்டுரையில் அச்சாகாமல் போனது அந்த ஒரு வரி மட்டும் அல்ல. சொசைட்டிக்கு அப்போது பணமுடை. செலவைக் குறைக்க ராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டார். 1920இல் முப்பத்திரண்டு வயதில் அவர் போய்விட்டார். அந்தப் பகுதி கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1988இல் நகல் பதிப்பாகவும், 1997இல் நிக்கோலா, ரோபான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் குறிப்புகளோடு முறையாகவும் வெளிவந்தது. அதே ரோபான் 1984இல் ஒன்றை நிரூபித்திருந்தார். ஒரு எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு சொல்லி, 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அந்த வரம்பைத் தொடாது என்று காட்டிவிட்டால், 1859 முதல் தீராமல் இருக்கும் ரீமானின் கருதுகோள் உண்மையாகிவிடும் என்றார். பத்து லட்சம் டாலர் பரிசு வைத்தும் இன்றுவரை தீராத கணக்கு அது. அந்த உச்சவரம்பின் வித்து ராமானுஜன் அச்சிடாமல் விட்ட பக்கங்களில் இருந்தது.

5040ஐ கவனித்தீர்களா? நம் எண்ணுக்கு எத்தனை காரணிகளோ, அதே எண். பிளேட்டோ தம்முடைய லட்சிய நகரத்துக்கு இத்தனை குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று சொன்னதும் 5040தான். எப்படி வேண்டுமானாலும் பங்கிடலாம் என்பதற்காக. இவை எல்லாம் தற்செயல்தான். ஆனால் எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தாள். அம்மாவுக்கு ஜுரம், அப்பள வேலைக்கு இவள் உட்கார வேண்டியிருந்ததாம். நான் என்னென்னமோ நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது, அவள் எண்ணியது சரி, நான் பார்க்காமலே தப்பு என்று சொன்னது பிசகு என்று சொன்னேன். போர்டில் கணக்கைப் போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டாள். ஒரு பையன், "அப்ப ராமானுஜன் ஃபெயிலா சார்?" என்றான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றேன். "எனக்கு அவ்வளவு வேணாம் சார், அறுபது போதும்" என்றான்.

நோட்டில் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் விட்டுப்போன எண்ணைச் சிவப்பு மையால் அவளையே எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு அவள் நோட்டை மூடவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "சார், கடைசி நம்பரை 23ஆல வகுத்துப் பாத்தீங்களா?" என்றாள்.

பார்க்கவில்லை. உடனே பார்த்தேன். 67,46,32,83,88,800ஐ 23ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் போகிறது. விடை போர்டில் இருக்கிறது. ராமானுஜன் அட்டவணையை முடித்த கடைசி எண், அவர் விட்டுவிட்ட எண்ணின் இருபத்துமூன்று மடங்கு. அதன் பாதியும் அட்டவணையில் இருக்கிறது, 23 மடங்கும் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

அட்டவணையை 103 வரியோடு நகல் எடுத்து வெளியே காபி மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாற்பது பிரதிதான் இருக்கிறது, பேரக் குழந்தைகள் உள்ளவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வரி அந்தப் பெண்ணின் கையெழுத்து.